ரோஜா சூடிய எலும்புக்கூடு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு மலருக்கான பணி தொடங்கிய அன்று, நம் வட்டம் இதுவரை வெளியிட்ட அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள், நூலட்டைகள் அனைத்தையும் ஒரு மேசைமீது பரப்பி வைத்துப் பார்த்தோம். இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்று, வட்டத்தின் பெயர் ஏழெட்டு வகை எழுத்துகளில் இருந்தது. ஓராண்டு எழுத்தாணி, மறு ஆண்டு யாழ், அதற்கடுத்த ஆண்டு மயிலிறகு. அச்சகத்தில் அன்று கைக்குக் கிடைத்தது எதுவோ அதுவே அந்த ஆண்டின் சின்னம். மற்றொன்று, அந்த அட்டைகளை வரைந்தவர்கள் யார் என்று கேட்டபோது பாதிக்கு மேல் விடை கிடைக்கவில்லை. தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என எல்லார் பெயரும் அச்சேறியிருக்கின்றன. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் தனித்தனிக் குறைகள் என்றே அன்று நினைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பின்னர்தான் விளங்கியது. அதை விளக்கவே இன்று ஓர் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிப் பேச முற்படுகிறேன். கவிதை கூடும் அவையில் ராக் இசைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். இந்தக் கதை உமர் கய்யாம் வழியாகச் சென்னைக்கும் வந்து, நாஞ்சில் நாட்டையும் தொட்டுச் செல்கிறது.

1965ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் இளைஞர் சிலர் ஓர் இசைக்குழு தொடங்கினர். முதலில் 'வார்லாக்ஸ்' என்று பெயர். அதே பெயரில் வேறொரு குழு இருப்பதாக அறிந்து, புதுப்பெயர் தேடினர். குழுவின் முதன்மைக் கலைஞரான ஜெர்ரி கார்சியா ஓர் அகராதியைப் பிரித்தபோது 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் தொடர் கண்ணில் பட்டது. நன்றியுள்ள இறந்தவர் என்பது பொருள். அது ஒரு நாட்டுப்புறக் கதைவகையின் பெயர்.

கதை இதுதான். வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊரில் அடக்கம் செய்யப்படாமல் கிடக்கும் பிணத்தைக் காண்கிறான். இறந்தவன் கடனாளி. கடன் தீராமல் பிணத்தைப் புதைக்க விடோம் என்று கடன்காரர்கள் தடுக்கிறார்கள். வழிப்போக்கன் தன்னிடமிருந்த பொருளையெல்லாம் கொடுத்துக் கடனைத் தீர்த்து, அந்த முகமறியாதவனை முறைப்படி அடக்கம் செய்துவிட்டு நடக்கிறான். வழியில் ஒரு துணைவன் சேர்கிறான். இடர் வரும்போதெல்லாம் காக்கிறான். முடிவில், நீ கடன் தீர்த்தாயே, அந்தப் பிணம் நான்தான் என்று சொல்லி மறைகிறான். பல நாடுகளில் பல வடிவங்களில் வழங்கும் கதை இது. ஜெரூல்ட் என்னும் அறிஞர் 1908இல் இக்கதையின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். இறந்தவர் பட்ட கடனை உயிரோடிருப்பவர் தீர்ப்பது என்னும் இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இதனிடமே திரும்ப வேண்டியிருக்கும்.

பெயர் கிடைத்தது. முகம் வேண்டுமல்லவா? 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 16, 17 ஆகிய நாள்களில் சான்பிரான்சிஸ்கோவில் அவலான் நடன அரங்கில் அவர்கள் நிகழ்ச்சி நடத்த இருந்தார்கள். சுவரொட்டி தயாரிக்கும் பொறுப்பு ஸ்டான்லி மௌஸ், ஆல்டன் கெல்லி என்ற இரு ஓவியர்களுக்கு வந்தது. அவர்கள் அந்நகரப் பொது நூலகத்தில் பழைய படநூல்களைப் புரட்டிக் கருப்பொருள் தேடுவது வழக்கம். அப்படிப் புரட்டியபோது அகப்பட்டது, உமர் கய்யாமின் ருபாயத்துக்கு எட்மண்ட் சல்லிவன் என்னும் ஆங்கில ஓவியர் 1913இல் வரைந்த படங்களுள் ஒன்று. ரோஜா மலர்களுக்கிடையே தலையில் ரோஜா சூடி நிற்கும் எலும்புக்கூடு. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். அதை எடுத்து வண்ணம் சேர்த்து, சுற்றிலும் எழுத்து அமைத்துச் சுவரொட்டி ஆக்கினர். குழுவின் பெயரில் இருந்த சாவுக்கு மண்டையோடு ஈடாயிற்று. நன்றிக்கு ரோஜா ஈடாயிற்று. பெயரும் படமும் அன்று பொருந்தியது போல் பின்னர் எந்தச் சின்னமும் பொருந்தியதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி அந்தப் படம் வந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். பாரசீகத்துக் கய்யாமின் பாடல்களை எட்வர்ட் ஃபிட்ஜெரால்ட் ஆங்கிலத்தில் ஆக்கி 1859இல் வெளியிட்டபோது தம் பெயரை நூலில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்குவார் இல்லாமல் கிடந்த அந்நூலைக் கண்டெடுத்து நண்பர்களிடம் கொடுத்தவர்களுள் ஒருவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற மொழியறிஞர். அவர் பணி நிமித்தம் சென்னைக்கு வந்தார். வந்த இடத்தில், 1862ஆம் ஆண்டு, அந்நூலின் சிறு பதிப்பொன்று சென்னையிலேயே அச்சாயிற்று. ஃபிட்ஜெரால்டின் இசைவைப் பெற்று நிகழ்ந்ததன்று அது. உலகம் அந்தக் கவிதையைக் கொண்டாடத் தொடங்குமுன் நம் நகரத்து அச்சுப்பொறி ஒன்று அதனைத் தாங்கியது என்பதில் நமக்குச் சிறு பெருமையும், இசைவு பெறாததில் சிறு கூச்சமும் இருக்கலாம். பின்னாளில் நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஃபிட்ஜெரால்டின் வழியே கய்யாமைத் தமிழில் தந்தார். நம்முள் பலர் கய்யாமை அறிந்தது கவிமணியால்தான்.

ஆக, அந்தச் சுவரொட்டியின் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கய்யாம் பாடினார், ஃபிட்ஜெரால்ட் பெயர்த்தார், சல்லிவன் வரைந்தார், கெல்லியும் மௌஸும் எடுத்தாண்டனர். சல்லிவன் இறந்தது 1933இல். தம் எலும்புக்கூடு இலட்சக்கணக்கான சட்டைகளில் சிரிக்கப்போகிறது என்று அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

குழுவின் இரண்டாவது சின்னம் பிறந்த கதை வேறு. அதில் கலை நோக்கம் ஏதும் இல்லை; வெறும் வேலைத் தேவை. 1969ஆம் ஆண்டு வாக்கில் பல குழுக்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து இசைக்கும் விழாக்கள் பெருகின. மேடைக்குப் பின்னால் எல்லாக் குழுக்களின் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் குவிந்து கிடக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். எது யாருடையது என்று இருட்டில் தடவித் தேட வேண்டும். குழுவின் ஒலியமைப்பாளர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. எல்.எஸ்.டி. என்னும் போதைப் பொருளைத் தயாரித்தவர் என்ற வகையில் அக்காலத்தில் பெயர் அடிபட்ட மனிதர். அதை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஒரு நாள் மழையில் கார் ஓட்டிச் செல்லும்போது சாலையோரத்தில் ஒரு பெயர்ப்பலகை அவருக்குத் தெரிந்தது. வட்டம், மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி ஒரு நிறம், நடுவில் வெள்ளைப் பட்டை. மழைநீரில் கலங்கித் தெரிந்த அந்தப் பட்டையை மின்னல் கீற்றாக மாற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சிவப்பும் நீலமும் கொண்ட வட்டம், குறுக்கே வெள்ளை மின்னல். தகட்டில் வெட்டிய அச்சை வைத்துப் பெட்டிகளின்மேல் வண்ணம் தெளித்துவிட்டார்கள். பெட்டிகளைத் தேடும் தொல்லை தீர்ந்தது.

பிறகு, வட்டத்துக்குக் கீழே குழுவின் பெயரை, தொலைவிலிருந்து பார்த்தால் மண்டையோடு போலத் தெரியும் எழுத்தில் அமைக்கலாமே என்று பாப் தாமஸ் என்ற ஓவிய நண்பரிடம் சொன்னார். தாமஸ் முயன்று பார்த்து, எழுத்தை விட்டுவிட்டு மண்டையோட்டையே வரைந்து, அதன் நெற்றியில் வட்டத்தைப் பதித்தார். பதின்மூன்று முனைகள் கொண்ட அந்த மின்னலை இன்று உலகெங்கும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெட்டியில் அடித்த அடையாளக்குறி கொடிக்குறி ஆயிற்று.

இங்கே நின்று ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இசைக்குழுக்களின் சின்னம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் உதடும் நாக்கும். 1970இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவராக இருந்த ஜான் பாஷ் அதை வடித்தார். அதற்கு முதலில் பெற்ற கூலி 50 பவுன். பாடகர் மிக் ஜாகர் அவரிடம் முன்மாதிரியாகக் காட்டிய படம் எது தெரியுமா? நாக்கை நீட்டி நிற்கும் நம் காளியின் படம். 1971இல் வெளிவந்த இசைத்தட்டில் தொடங்கி அந்த நாக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதன் மூல ஓவியத்தை 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அது ஒரு நெறி: ஒரே குறி, ஒரே வடிவம், எங்கும் எப்போதும். வணிக நிறுவனங்கள் கைக்கொள்ளும் நெறியும் அதுவே.

கிரேட்ஃபுல் டெட் குழு கைக்கொண்டது வேறு நெறி. அவர்களின் இசைத்தட்டு அட்டைகளை வரிசையாக வைத்தால் இரண்டு அட்டைகளில் ஒரே எழுத்தைக் காண்பது அரிது. 1969இல் ரிக் கிரிஃபின் வரைந்த அட்டையின் தலைப்பு 'ஆக்ஸோமாக்ஸோவா', இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. மாலைமாற்று அறிந்த இந்த அவைக்கு அது வியப்பளிக்காது. 1970இல் வந்த 'அமெரிக்கன் பியூட்டி' அட்டையில் ஒற்றை ரோஜா. ஒரு ரோஜா வகையின் பெயரும் அதுவே. 1971இல் வந்த இரட்டை இசைத்தட்டில் சல்லிவனின் எலும்புக்கூடு மீண்டும் எழுந்தது. 1973இல் ஓர் அட்டையின் பின்புறத்தில் பாப் தாமஸின் கரடிகள் வரிசையாக நடந்தன. ஆவ்ஸ்லிக்குக் 'கரடி' என்பது பட்டப்பெயர். 1987இல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு அக்குழுவுக்கு முதன்முறையாக விற்பனைப் பட்டியலின் முதல் பத்தில் இடம் பெற்றுத் தந்தபோது, அதன் படக்காட்சியில் ஆளுயர எலும்புக்கூட்டுப் பொம்மைகள் மேடையேறி இசைத்தன.

எழுத்து மாறியது, வரைந்த கை மாறியது, நிறம் மாறியது. ஆயினும் சுவரொட்டி, அட்டை, பெட்டி, நுழைவுச்சீட்டு, சட்டை, திரைப்படம் எதைக் கண்டாலும் இது அவர்களுடையது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எப்படி? மாறாதவை மிகச் சிலவாக இருந்தன. மண்டையோடு, ரோஜா, மின்னல், பின்னர் சேர்ந்த கரடி. அவ்வளவுதான். அவற்றுக்கிடையே ஓர் உறவும் மாறாமல் இருந்தது. சாவு அச்சுறுத்துவதாக ஒருபோதும் வரவில்லை. எப்போதும் பூச்சூடியே, சிரித்தே வந்தது. யாப்பு அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெண்பாவின் தளை மாறாது. ஆனால் இரு புலவர் வெண்பாக்கள் ஒன்றாக இருப்பதில்லை. சீருடைக்கும் யாப்புக்கும் உள்ள வேறுபாடே இவ்விரு நெறிகளுக்கும் உள்ள வேறுபாடு.

யாப்பாக இருந்ததால்தான் அது பிறர் கைக்கும் எளிதில் போயிற்று. 1971ஆம் ஆண்டு இசைத்தட்டின் உள்ளே, எங்கள் பாட்டை விரும்புவோரே, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், முகவரி எழுதுங்கள் என்ற கருத்தில் ஒரு வேண்டுகோளை அச்சிட்டார்கள். கடிதங்கள் குவிந்தன, முகவரிப் பட்டியல் வளர்ந்தது. 1980களில் நுழைவுச்சீட்டை அஞ்சல் வழியே தாங்களே விற்கத் தொடங்கியதும் ஒரு விந்தை நிகழ்ந்தது. சீட்டுக் கேட்டு எழுதியவர்கள் உறையை வெறுமனே அனுப்பவில்லை. உறைமேல் மண்டையோடும் ரோஜாவும் மின்னலும் கரடியும் தத்தம் கைவண்ணத்தில் வரைந்து அனுப்பினார்கள். தம் உறை கவனிக்கப்படும், சீட்டுக் கிடைக்கும் என்ற ஆசை ஒரு புறம். அந்தச் சின்னம் தமக்கும் உரியது என்ற உணர்வு மறு புறம். 2008இல் குழுவின் ஆவணங்கள் சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டபோது அந்த உறைகளும் உடன் சென்றன. இன்று அவை ஆய்வுப்பொருள்.

இசையிலும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். நிகழ்ச்சிகளை ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தார்கள். 1984 முதல் அதற்கென அரங்கில் தனிப்பகுதியே ஒதுக்கினார்கள். பதிவுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பது ஒன்றே கட்டளை. கார்சியா 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இறந்தார். அந்த ஆண்டே குழு தன் பெயரை நிறுத்திக்கொண்டது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள். குழு போனபின்னும் மண்டையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது புகழ்ச்சி. இனிச் சொல்ல வேண்டியது கணக்கு.

கடன் தீர்க்கும் கதையிலிருந்து பெயர் எடுத்தவர்கள், கடன் வாங்கிய படத்தால் முகம் பெற்றார்கள். சல்லிவனுக்கு அந்தக் கடன் தீர்ந்ததா? சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. கடப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டு விதமாகவும் வாதிடலாம். நூலகத்துத் தட்டில் தூசி படிந்திருந்த படத்துக்கு உயிர் கொடுத்தார்களே, அதைவிட வேறென்ன கைம்மாறு என்று ஒருவர் கேட்பார். அந்தப் படத்தை அணிந்து திரிபவர்களுள் நூற்றில் ஒருவருக்காவது சல்லிவன் பெயர் தெரியுமா என்று மற்றொருவர் கேட்பார். இரண்டு கேள்வியும் நியாயமானவை என்றே எனக்குப் படுகிறது. ஆயினும் முதற்கேள்வி, எடுத்தவனுக்கு வசதியான கேள்வி. எடுத்தாண்டவன் தானே சொல்லிக்கொள்ளக் கூடாத விடை அது. கெல்லியும் மௌஸும் தாம் எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பின்னாளில் மறைக்காமல் சொன்னார்கள். அதனால்தான் இன்று நான் சல்லிவன் பெயரை இந்த மேடையில் உச்சரிக்க முடிகிறது. பெயரைச் சொல்வதுதான் பிணத்தை அடக்கம் செய்வது. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு வரி போதும்.

இப்போது நம் மேசைக்குத் திரும்புவோம். பத்தாண்டு அழைப்பிதழ்களில் ஒருமை இல்லாமற்போனது ஏன்? வரைந்தவர் பெயரை நாம் வைத்துக்கொள்ளாததால்தான் என்று சொல்வேன். பெயர் தெரிந்திருந்தால் மறு ஆண்டும் அவரையே தேடிப் போயிருப்போம். அல்லது புதியவரிடம் பழையவர் வரைந்ததைக் காட்டி, இதிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லியிருப்போம். பெயர் போனதும் தொடர்ச்சியும் போயிற்று. ஒவ்வோராண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். கெல்லியிடம் சல்லிவன் இருந்தார்; சல்லிவனிடம் கய்யாம் இருந்தார். நம் வட்டத்து ஓவியரிடம், அவருக்கு முன் வரைந்தவர் இருக்கவில்லை. அதை நாம்தான் இல்லாமற் செய்தோம்.

ஆகவே இந்த அவையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, புதிதாக ஒரு சின்னத்தைத் தேடி ஓட வேண்டாம். நம் பழைய அழைப்பிதழ்களிலேயே எது தானாக மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது என்று பாருங்கள். என் கண்ணுக்கு எழுத்தாணி நான்கு முறை வந்திருக்கிறது. வேலைக்காகப் பிறந்த குறியே நிலைக்கும் என்பதற்கு அந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் சான்று. இரண்டாவது, எழுத்தாணி என்று முடிவு செய்தால் அதை ஒரே பிளாக்கில் உறைய வைத்துவிட வேண்டாம். ஆண்டுதோறும் ஒருவர் தம் கையால் வரையட்டும். எழுத்தாணி இருக்க வேண்டும், அது எழுதிக்கொண்டிருக்க வேண்டும், இவ்விரண்டும் தளை. மற்றவை அவர் விருப்பம்.

மூன்றாவதே முதன்மையானது. இன்று முதல், துண்டறிக்கையாயினும் நூலாயினும், வரைந்தவர் பெயரை ஒரு மூலையிலாவது அச்சிடுவோம். பழைய அட்டைகளை வரைந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கிடைக்கும் பெயர்களை இம்மலரிலேயே ஒரு பக்கத்தில் வெளியிடுவோம். பெயர் தெரியாதவர்களுக்கு, 'பெயர் தேடப்படுகிறது' என்று ஓர் இடம் விட்டு வைப்போம். பெயர் தெரியாத புலவர்களை அவர்தம் பாட்டின் தொடராலேயே பெயரிட்டுக் காத்த மரபு நம்முடையது. தொகுத்தவர்கள் அந்தப் புலவர்களைக் கைவிடவில்லை. நாமும் கைவிட வேண்டியதில்லை.

கடன் தீர்க்கப்பட்ட இறந்தவர் வழித்துணையாக வருவார் என்பது கதை. அடுத்த பத்தாண்டுப் பயணத்துக்கு நமக்கும் அத்தகைய துணை வேண்டும்.